பெரிய பசங்க மிரட்டுறாங்க, தலைமையாசிரியரிடம் என்ன கேட்பது?

பென்னாகரம் அம்மா:
மகன் ஏழாவது படிக்கிறான். ஒரு மாதமாக சத்துணவு வரிசையில் பத்தாவது பசங்க தட்டைப் பிடுங்குகிறார்கள், ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். பள்ளியில் சொன்னால் "பசங்க விளையாட்டும்மா" என்கிறார்கள். நாளை மறுபடி போகிறேன், என்ன கேட்கலாம்?

பாலக்கோடு ஆசிரியர்:
அக்கா, எந்த இடம், எந்த நேரம் என்று தேதியோடு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் வகுப்பறையில் எதுவும் நடக்காது. கழிப்பறைப் பக்கம், தண்ணீர்க் குழாய், சாயங்காலம் டவுன் பஸ் ஏறும் இடம், இங்கேதான் நடக்கும். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் முறைபோட்டு நிற்கத் தலைமையாசிரியர் ஏற்பாடு செய்தாலே பாதி குறையும், எங்கள் பள்ளியில் அப்படித்தான் குறைந்தது. இன்னொன்று, இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்துக் கைகொடுக்கச் சொல்ல விடாதீர்கள். உங்கள் பையன் அப்புறம் வாயே திறக்க மாட்டான்.

ஊத்தங்கரை அப்பா:
மாணவர்கள் புகார் எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டியை யார், எப்போது திறக்கிறார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் கேலிக்குப் பின்னால் சாதி இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகுதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழுவே அமைத்தார்கள், அதை விளையாட்டு என்று யாரும் தள்ளக் கூடாது. பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பென்னாகரம் அம்மா:
சரிங்க, இன்று ராத்திரியே அவனை உட்கார வைத்து எழுதிவிடுகிறேன்.