5 ஆண்டு கெடாத உணவு: தேவையா, வீண் ஆசையா?

உறைபனி:
செவ்வாய்ப் பயணத்துக்காக 5 ஆண்டு கெடாத உணவை நாசா தேடிக்கொண்டிருக்கிறது. அது கைகூடினால் பூமியிலும் குளிர்பதனப் பெட்டியை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

அடுப்படி:
கெடாமல் இருப்பது வேறு, சத்தோடு இருப்பது வேறு. 1865இல் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் பெர்ட்ரண்ட் என்ற நீராவிப் படகு மூழ்கியது. நூறாண்டுக்கும் மேல் சேற்றில் புதைந்து கிடந்த அதன் உணவு டப்பாக்களை 1974இல் சோதித்தார்கள். கிருமி வளரவில்லை. ஆனால் வைட்டமின் சி, ஏ எல்லாம் பெருமளவு போய்விட்டிருந்தன. நாசாவின் தலைவலியும் இதுதான்: வைட்டமின் சியும் பி1உம் அத்தனை காலம் தாங்குவதில்லை.

உறைபனி:
அந்தக் காலத்து டப்பாவை வைத்து இன்றைய நுட்பத்தை எடைபோடலாமா? உறையவைத்து உலர்த்தும்போது பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிவிடுகிறது. கொதிக்கவைக்கும் வேலையே இல்லை. போன வாரம் அப்படி உலர்த்திய பழத்துண்டைத் தண்ணீரில் போட்டேன். தக்கைபோல் மிதந்தது, சற்று நேரத்தில் உப்பிச் சிவந்து அடியில் இறங்கியது. வாசனையும் அப்படியே இருந்தது!

ஈரப்பதம்:
பொட்டலத்தின் வாயைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள் நண்பரே. மழைநாளென்றால் மாலைக்குள் தோல்போலத் துவண்டுவிடும். உலர் உணவின் ஆயுள் உறையில்தான் இருக்கிறது. அந்த உறையோ பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிபுரொப்பிலீன் என்று அடுக்கி ஒட்டியது. பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. நான் பொட்டலமிடும் வேலையில் இருப்பவன், புலம்பாமல் என்ன செய்வேன்?

உறைபனி:
சரி, சூடாக்காமல் உணவை அழுத்தியே கிருமியைக் கொல்லும் உயர் அழுத்த முறை? வளிமண்டல அழுத்தத்தைப்போல் 6,000 மடங்கில் எந்தக் கிருமி பிழைக்கும்?

ஈரப்பதம்:
வித்துகள் பிழைக்கும், அதாவது சில கிருமிகள் கெட்ட காலத்தைக் கடக்க எடுக்கும் கெட்டி ஓடுள்ள உறங்கு வடிவம். புளிப்பில்லாத உணவில் கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளை ஒழிக்க, நடுப்பகுதிவரை 121 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி 3 நிமிடம் நிற்க வேண்டும். வெறும் அழுத்தத்துக்கு அவை அசைவதில்லை. அதனால்தான் அழுத்தத்தில் பதப்படுத்தியதையும் குளிரில் வைத்தே விற்கிறார்கள். நீங்கள் வேண்டாமென்ற அதே பெட்டி!

அடுப்படி:
பேரிடர்க் கிடங்குக்கு நீண்ட ஆயுள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழையதை முதலில் எடுத்துச் சாப்பிட்டு, புதியதைப் பின்வரிசையில் வைத்துக்கொண்டே வந்தால் ஓராண்டு தாங்குவதே போதும். மற்ற 4 ஆண்டுக்காக எதற்குச் சத்தை இழக்க வேண்டும்?

உறைபனி:
கிடங்குக்கு அது சரி. செவ்வாய்க்குப் போகிறவர் புதியதை எங்கே போய் வாங்கி வருவார்?