தீரு பட்டணத்தைப் பற்றிய தீர்க்கதரிசனம்: வேதம் தேவனால் அருளப்பட்டது என்பதற்கு ஆதாரமாகுமா?

விதைக்கிறவன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் வகுப்பில் போன வாரம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்று 2 தீமோத்தேயு 3:16 சொல்கிறது, சரி. அதுவும் வேதம்தானே அண்ணா? தனக்குத் தானே சாட்சி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?"

அவளுக்கு நான் காட்டியது எசேக்கியேல் 26. எருசலேம் விழுந்த நாட்களை ஒட்டி, கி.மு. 587-586 வாக்கில் சொல்லப்பட்டது. கடல் அலைபோலப் பல ஜாதிகள் இன்றைய லெபனான் கரையிலிருந்த தீருவின்மேல் வரும், மதில்கள் இடிபடும், அதன் கல்லும் மரமும் மண்ணும் கடலில் போடப்படும், அது வெறும் பாறையாகி வலை விரிக்கிற இடமாகும் என்கிறார் எசேக்கியேல் தீர்க்கதரிசி. முதலில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்து 13 வருடம் முற்றுகையிட்டான். அப்புறம் கி.மு. 332இல் கிரேக்கப் படையோடு அலெக்சாண்டர் வந்தான். நகரம் தீவில் இருந்தது. அதை எட்டுவதற்குக் கரையிலிருந்த பழைய தீருவின் இடிபாடுகளை அள்ளிக் கடலில் கொட்டிப் பாதை போட்டான். ஒரு பட்டணத்தின் கல்லையும் மண்ணையும் கடலில் போடுவார்கள் என்று 250 வருடத்துக்கு முன்னே எந்த மனுஷனுக்குத் தோன்றும்? இதற்கு என்ன பதில் இருக்கிறது என்று நம்பாதவர்கள் சொல்லட்டும்.

தராசு:
வணக்கம் ஐயா. நான் நம்பாதவன்தான். ஆனால் இந்த அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். 7ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். நேபுகாத்நேச்சார் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அவன் மதிலை இடிப்பான், அவன் குதிரைகள் உன் வீதிகளை மிதிக்கும், உன் ஜனத்தைப் பட்டயத்தால் கொல்லுவான் என்கிறது. அலெக்சாண்டரின் பெயரோ கிரேக்கரின் பெயரோ எங்கும் இல்லை.

நேபுகாத்நேச்சார் அப்படிச் செய்யவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எசேக்கியேலே சொல்கிறார். மூன்று அதிகாரம் தள்ளி 29:18 பாருங்கள். அவன் சேனை தீருவின்முன் கடும் ஊழியம் செய்தது, தலையெல்லாம் மொட்டையானது, தோளெல்லாம் தோலுரிந்தது, ஆனாலும் அவனுக்கும் கூலியில்லை, சேனைக்கும் கூலியில்லை. அதற்குப் பதிலாக எகிப்தைக் கொடுப்பேன் என்று அடுத்த வசனம். 26ஐ வகுப்பில் காட்டியபோது 29ஐயும் காட்டினீர்களா?

விதைக்கிறவன்:
காட்டவில்லை, உண்மை. ஆனால் 12ஆம் வசனத்தைக் கவனியுங்கள். 11 வரை "அவன்", 12இல் "அவர்கள்". கொள்ளையிடுவார்கள், மதில்களை இடிப்பார்கள், கல்லைக் கடலில் போடுவார்கள். ஆள் மாறிவிட்டது. 3ஆம் வசனத்தில் சொன்ன பல ஜாதிகளில் நேபுகாத்நேச்சார் முதல் அலை, அலெக்சாண்டர் அடுத்த அலை. கூலி கிடைக்கவில்லை என்றால் கொள்ளைப் பொருள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். தோற்றுப்போனான் என்று அங்கே இல்லையே?

எபிரெய மாணவி:
இறையியல் கல்லூரியில் படிக்கிறேன், விசுவாசிதான். அண்ணன் சொன்னதில் இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது.

"அவர்கள்" என்ற பன்மை எபிரெயத்திலும் இருக்கிறது, அது சரி. ஆனால் 10, 11ஆம் வசனங்களில் நேபுகாத்நேச்சாரின் குதிரைகளும் வீரர்களும் இரதங்களும் நகரத்துக்குள் நுழைந்தாயிற்று. அடுத்த வரியில் "அவர்கள் கொள்ளையிடுவார்கள்" என்றால் அந்தச் சேனை என்றுதான் யாரும் வாசிப்பார்கள். இடையில் 250 வருடத்தை நுழைக்க அந்த வாக்கியத்தில் இடமில்லை.

இரண்டாவது, இடம். 26:5, 27:32 எல்லாம் கடல் நடுவிலுள்ள தீருவைத்தான் பேசுகின்றன. அதாவது தீவு. அலெக்சாண்டர் கடலில் கொட்டியது கரையிலிருந்த ஊரின் இடிபாடு. ஒரு ஊரின் கல்லையும் இன்னொரு ஊரின் பாறையையும் சேர்த்து ஒரு நிறைவேறுதலாக்க முடியாது.

தராசு அண்ணனுக்கும் ஒன்று. தீரு பாபிலோனுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். முற்றுகைக்குப் பிறகு சில காலம் அரசனில்லாமல் நியாயாதிபதிகள் ஆண்டதாகவும், பாபிலோனிலிருந்து அரசர்களை வரவழைத்ததாகவும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். நகரம் பணிந்தது. அழியவில்லை.

கடலோடி:
லெபனானில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு விடுமுறை நாளில் பெய்ரூத்திலிருந்து தெற்கே சூர் போனேன். சூர்தான் நம் வேதத்தின் தீரு. சின்னத் துறைமுகம், வண்ணம் பூசிய படகுகள், தரையில் வலையை விரித்து வைத்து ஒரு பெரியவர் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். எசேக்கியேல் சொன்ன வலை இதுதானே என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் எத்தனை விளக்கம் சொன்னாலும் நான் பார்த்ததைப் பார்த்தேன்.

தராசு:
கடலோடி அண்ணே, உங்கள் கண்ணீரை நான் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெரியவருக்குப் பின்னால் என்ன இருந்தது?

கடலோடி:
வீடுகள். கடைகள். பிள்ளைகள் விளையாடினார்கள். நல்ல கூட்டம்.

தராசு:
அதுதான் ஐயா. மீன் பிடிக்கிற எந்த ஊரிலும் வலை காயும். அதே 14ஆம் வசனம் "இனிக் கட்டப்படாய்" என்கிறது, 21ஆம் வசனம் தேடினாலும் காணப்படமாட்டாய் என்கிறது. அலெக்சாண்டர் ஏழு மாதத்தில் பிடித்தான், ஆயிரக்கணக்கில் கொன்றான், மீதிப்பேரை அடிமைகளாக விற்றான், எல்லாம் நடந்தது. ஆனால் 20 வருடம்கூட ஆகவில்லை, அதே தீருவைப் பிடிக்க அலெக்சாண்டரின் தளபதியாயிருந்த அந்திகோனஸ் ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகை போட வேண்டியிருந்தது. ரோமர் காலத்தில் பெரிய குதிரைப்பந்தய மைதானம் கட்டினார்கள், இன்றும் நிற்கிறது. பவுலே அங்கே இறங்கிச் சீஷரோடு ஏழு நாள் தங்கினார், அப்போஸ்தலர் 21. இல்லாத ஊரில் யாரோடு தங்கினார்?

விதைக்கிறவன்:
தீர்க்கதரிசனத்தில் நிபந்தனை உண்டு. நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா கூவினான். ஜனம் மனந்திரும்பியது, நினிவே பிழைத்தது. எரேமியா 18இல் குயவன் வீட்டில் தேவன் இதையே சொல்கிறார்: நான் பிடுங்குவேன் என்று சொன்ன ஜாதி திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன். தீருவுக்கும் அப்படி இருந்திருக்கலாம்.

தராசு:
இருக்கலாம். தீரு மனந்திரும்பியதாக எங்கும் எழுதவில்லை, அதையும் விட்டுவிடுகிறேன். நீங்கள் முதலில் கேட்டது ஆதாரம். நடந்தால் தேவ வாக்கு, நடக்காவிட்டால் நிபந்தனை என்றால், எந்த வாக்கும் எக்காலத்திலும் தவறவே முடியாது. தவற முடியாத சோதனையில் தேறியதை அந்தப் பெண்ணுக்கு எப்படி ஆதாரமாகக் காட்டுவீர்கள்? உபாகமம் 18:22 உங்களைவிடக் கண்டிப்பாக இருக்கிறது: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல.

எபிரெய மாணவி:
இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவது 29:18தான். அந்த வசனத்தை நிதானமாக வாசியுங்கள். தலை மொட்டையானது, தோள் உரிந்தது. முற்றுகைக்கு மண்ணும் கல்லும் சுமந்த கூலிக்காரனின் உடம்பு அது. சும்மாடு வைத்து வருடக்கணக்காகக் கூடை சுமந்தவனுக்கு உச்சந்தலையில் முடி போய்விடும் என்பது தெரிந்தவர் எழுதிய வரி. எதிரி ராஜாவின் சேனையிலுள்ள சுமைக்காரனுக்குக் கூலி கிடைக்கவில்லையே என்று தேவன் கணக்குப் பார்க்கிறார்!

இதற்குத் தேதியும் போட்டிருக்கிறது. சிறையிருப்பின் 27ஆம் வருடம், முதல் மாதம், முதல் நாள். நம் கணக்கில் கி.மு. 571. தீருவைப் பற்றிய வாக்குக்குச் சுமார் 15 வருடம் கழித்து, தான் சொன்னபடி ஆகவில்லை என்று தெரிந்தே அதே தீர்க்கதரிசி எழுதுகிறார். 26ஐத் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. பின்னால் படியெடுத்தவர்களும் இரண்டையும் அப்படியே வைத்தார்கள். சம்பவம் நடந்த பிறகு தீர்க்கதரிசனம் போல எழுதினார்கள் என்பவர்களுக்கு இந்த 26ஆம் அதிகாரமே பதில். நடந்த பிறகு எழுதுகிறவர் நடக்காததை எழுதியிருக்க மாட்டார்.

தராசு:
தங்கச்சி, முன்னரே எழுதப்பட்டது என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எழுதியவர் நேர்மையானவர் என்பதையும். ஆனால் நேர்மை மனிதனிடமும் இருக்கிறதே? இன்னொன்று, பதிலாகச் சொன்ன எகிப்தும் அவனுக்குக் கிடைக்கவில்லை. கி.மு. 568-567இல் அவன் எகிப்தின்மேல் படையெடுத்ததற்கு உடைந்துபோன ஒரு களிமண் பலகை சாட்சி இருக்கிறது. ஆனால் எகிப்து விழுந்தது கி.மு. 525இல், பாரசீகன் கம்பீசஸிடம்.

எபிரெய மாணவி:
ஆமாம், அதையும் யாரும் அழிக்கவில்லை. நேர்மை மட்டும் தேவ ஆவிக்கு நிரூபணம் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் காட்டிய 3:16ஐ முழுதாக வாசித்தால், தேவன் ஊதிய வாக்கியம் எதற்குப் பிரயோஜனம் என்று சொல்லியிருக்கிறது: உபதேசத்துக்கு, கடிந்துகொள்ளுதலுக்கு, சீர்திருத்தலுக்கு, நீதியைப் படிப்பிப்பதற்கு. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லி ஜெயிப்பதற்கு என்று அங்கே இல்லை. என் விசுவாசம் தீருவின் இடிபாட்டின்மேல் நிற்கவில்லை. கூலி கிடைக்காத சுமைக்காரனைத் தேவன் கண்டார் என்று ஒரு யூதக் கைதியை, தன் ஊரை எரித்த சேனையைப் பற்றியே, எழுத வைத்தது எது? அங்கேதான் நான் நிற்கிறேன். அண்ணனுக்கு அது போதாது என்பது எனக்குப் புரிகிறது.

தராசு:
போதாதுதான் தங்கச்சி. ஆனால் அந்தக் கேள்வியை நான் இதுவரை யோசித்ததில்லை.

விதைக்கிறவன்:
நேற்று ராத்திரி 26, 27, 28, 29 நான்கையும் சேர்த்து வாசித்தேன். இருபது வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன், ஒருமுறைகூட 29 வரை போனதில்லை. கடலில் விழுந்த அந்தக் கல் இன்னும் என்னை அசைக்கிறது, அதை விட மனமில்லை. ஆனால் அதை ஆதாரம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது அவசரம். ஞாயிற்றுக்கிழமை 26ஐயும் 29:18ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப்போகிறேன்.

தராசு:
29இல் 17ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள் ஐயா. தேதி அதில்தான் இருக்கிறது, அவள் கட்டாயம் கேட்பாள்.