ஆய்வு வினாத்தாளில் மாற்றுத்திறனாளிகள் விடுபடுகிறார்கள்: எப்படிக் கேட்பது?

கேள்வி: நண்பர்களே, மருத்துவ வசதி யாருக்கு எட்டவில்லை என்று ஆய்வு செய்கிறோம். "ஊனம் உண்டா?" என்று கேட்டால் பலர் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். வாஷிங்டன் குழுவின் (மாற்றுத்திறனாளிகள் பற்றிய புள்ளிவிவரக் கேள்விகளை உருவாக்கும் சர்வதேசக் குழு) 6 கேள்விகளைப் பயன்படுத்துங்கள்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு, தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது. ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள். ஒன்றிலாவது "மிகுந்த சிரமம்" அல்லது "முடியவே முடியாது" என்றால் மாற்றுத்திறனாளி கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்/இல்லை என்று சுருக்கினால் நடுவில் இருப்பவர்கள் காணாமல் போவார்கள்.

பதில் 2: மனச்சோர்வு, பதற்றம் அதில் நழுவிவிடும். அதே குழுவின் நீண்ட கேள்வித் தொகுப்பைப் பாருங்கள். 2 முதல் 17 வயது வரை தனித் தொகுப்பு உண்டு.

பதில் 3: "மருத்துவமனைக்குப் போனீர்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். சக்கர நாற்காலியில் வந்தவரை எடை பார்த்தார்களா, பரிசோதனைக் கட்டிலில் ஏற்றினார்களா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்து அனுப்பினாலும் பதிவேட்டில் 'சிகிச்சை பெற்றவர்' என்றுதான் ஏறும். கூட வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.