ஆர்ம்64-இல் செக்காம்ப் வடிகட்டி: யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எக்ஸ்86-64 (வழக்கமான கணினிச் செயலி) கட்டமைப்புக்கு நான் கையால் எழுதிய செக்காம்ப் வடிகட்டியை (ஒரு நிரல் லினக்ஸ் கருவிடம் எந்தெந்த அழைப்புகளைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்துவது) ராஸ்பெர்ரி பை 4-க்கு (64 பிட் லினக்ஸ், ஆர்ம்64 செயலி) மாற்றப் பார்க்கிறேன், மூன்று நாளாக இதே வேலைதான். எக்ஸ்86-64-இல் கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பின் எண் 2, ஆர்ம்64-இல் ஓப்பன் என்ற அழைப்பே கிடையாது, எல்லாம் ஓப்பன்அட் வழியாகத்தான், அதன் எண் 56. சரி, வடிகட்டியில் உள்ள செயலிக் கட்டமைப்புச் சோதனையையும் அழைப்பு எண்களையும் மாற்றினேன். அப்புறமும் நிரல் சிக்சிஸ் (தடுக்கப்பட்ட அழைப்புக்கு வரும் சைகை) வாங்கிச் செத்தது; பதிவில் இருந்த அழைப்பு எண் 73, அதாவது பிபோல். நான் ‘போல்’ (poll) அழைப்பு என்று எழுதியதை ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) பிபோலாக மாற்றி அழைக்கிறது!

இப்படி ஒவ்வொன்றாகச் செத்துச் செத்துக் கண்டுபிடிப்பது சரியாகப் படவில்லை. லிப்செக்காம்ப் என்ற நூலகத்துக்கு மாறி, எண்ணுக்குப் பதில் அழைப்பின் பெயரைக் கொண்டே விதி எழுதினால் இரண்டு கட்டமைப்புக்கும் ஒரே பட்டியல் போதுமா? 32 பிட் ஆர்ம் நிரல்களுக்கு எண்கள் வேறு, அவற்றுக்குத் தனி வடிகட்டி வைக்கிறீர்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.