சர்வர் படுத்தால் குற்றம் யார் மேல்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: 2024 மார்ச்சில் நம்ம கேரளாவில் ஏழைக் குடும்பங்களின் மஞ்சள், பிங்க் ரேஷன் கார்டுகளுக்கு மஸ்டரிங் (கைரேகை வைத்து ஆளைச் சரிபார்ப்பது) என்று அரிசி கொடுப்பதையே நிறுத்திவிட்டு எல்லோரையும் ரேஷன் கடைக்கு வரச் சொன்னார்கள். சர்வர் படுத்தது, மஸ்டரிங்கும் நின்றது. கடலை பறித்தே ரேகை தேய்ந்த பெருவிரலை எங்கம்மா முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காண்டிராக்ட் எடுத்த கம்பெனியைப் பிடித்து உள்ளே போட வேண்டாமா?

வேலந்தாவளம் கோடர்: அண்ணா, ரேஷன் மென்பொருள் என்.ஐ.சி.யுடையது (தேசிய தகவலியல் மையம்), அது மத்திய அரசு அமைப்பு. யாரை உள்ளே போடுவீங்க? திறப்பு விழாவுக்கு முதலில் தேதி குறித்துவிடுகிறார்கள், டெஸ்டிங்குக்கு நாளே மிஞ்சுவதில்லை. அமெரிக்காவில் ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாள் பதிவை முடித்தவர்கள் 6 பேர். அங்கே பணமா இல்லை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: அமெரிக்கா கிடக்கட்டும் தம்பி. 2021 ஜூன் 7-ல் வந்த வருமான வரித் தளம் இன்போசிஸ் செய்தது. ஆகஸ்டில் நிதியமைச்சர் அவர்கள் சி.இ.ஓ.வையே கூப்பிட்டுக் கேட்க வேண்டி வந்தது. அதுவும் சர்க்கார் குற்றமா?

வேலந்தாவளம் கோடர்: அந்தக் கம்பெனிக்கு அது தேவைதான். ஆனால் பழைய தளத்தை மூடிவிட்டுப் புதியதை ஒரே நாளில் திறக்க ஒப்புக்கொண்டது யார்? மஸ்டரிங்கையே பாருங்க. 2024 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்தார்கள். நம்ம பாலக்காட்டு முறை அக்டோபரில். அந்த யோசனை மார்ச்சில் எங்கே போயிருந்தது?

மீனாட்சிபுரம் டீச்சர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேரள அரசின் இணையத் திட்டம் கே-ஃபோன் ஞாபகம் இருக்கிறதா? 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்றார்கள். 2023 ஜூன் 5-ல் தொடங்கி வைத்தபோது முதல் கட்டம் தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. கொரோனாவில் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மொட்டைமாடி ஏறிய காலமெல்லாம் அதற்குள் போயே போச்சு. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: டீச்சர் சொன்னது சரி. என்.ஐ.சி.யோ எவனோ, சர்வர் படுத்த அன்று ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி அரிசி கொடு என்று உத்தரவு போட எந்த புரோகிராமர் வேண்டும்?

வேலந்தாவளம் கோடர்: ரெஜிஸ்டர் காலத்தில் செத்தவர் பெயரிலும் அரிசி போனதே, மறந்துடுச்சா அண்ணா? அதைத் தடுக்கத்தானே மெஷினே வந்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: செத்தவருக்குப் போனதைத் தடுத்தாச்சு, சரி. இருக்கிறவருக்கு?