சுரண்டி எடுத்த கும்பிடுபூச்சிக் கூடு: பொரியும்வரை எப்படிக் காப்பது?

மூன்றாங்கட்டு (கானாடுகாத்தான்):

வணக்கம். சித்திரையில் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. அதற்காக வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று முகப்புத் தூணில் பெயிண்டர் தகட்டால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். "பழைய பசைக்கட்டி" என்றார். எனக்கு வெல்லப்பாகு பொங்கி உறைந்தது போலத் தெரிந்தது. வாங்கிப் பார்த்தால் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. மூன்று வாரம் முன்பு வயிறு பெருத்த பச்சைப்பூச்சி ஒன்று அதே தூணில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று பெருமை பேசும் வீட்டில் நிஜ முட்டையைச் சுரண்டி எறிவதா?

இப்போது அது மங்குக் கிண்ணத்தில் கிடக்கிறது. நெல்லிக்காய் அளவு. தூணோடு ஒட்டியிருந்த பக்கம் பெயர்ந்து, மஞ்சளாக நீள நீளமாய் நாலைந்து முட்டை வெளியே தெரிகிறது. இப்படியே கிடந்தால் போதுமா? தண்ணீர் தெளிக்க வேண்டுமா? குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி ஒரு காணொளியில் பார்த்தேன். ஏப்ரல் கடைசியில் பல்லவன் ரயிலில் சென்னை திரும்புகிறேன், கூடவே எடுத்துப் போகலாமா? அப்பத்தா, "பெருமாள் பூச்சி, வீட்டை விட்டு அனுப்பாதே" என்கிறார்கள்.

செம்மண்தோட்டம் (தேவகோட்டை):

ஆச்சி, முதலில் அந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கூட்டைத் திருப்பிப் பாருங்கள். தூணுக்கு எதிர்ப்பக்கத்தில், நடுவாக, சடை பின்னியது போல ஒரு வரிசை இருக்கும். குஞ்சுகள் வெளியே வரும் வாசல் அதுதான். அது எதன்மீதும் அழுந்தக் கூடாது. பெயர்ந்த பக்கத்தின் ஓரங்களில் மட்டும் துளி ஃபெவிகால் வைத்து வேப்பங்குச்சியில் ஒட்டுங்கள். தெரிகிற முட்டைகள் காய்ந்துபோகும், அவற்றை மறந்துவிடுங்கள். கூடு என்பதே உறைந்த நுரைதான், அதற்குள் இருப்பவை பத்திரமாகவே இருக்கும்.

குச்சியை ஓர் அகலமான ஓலைக் கொட்டானின் வாயில் குறுக்கே வைத்து, பழைய வேட்டித் துணியால் மூடிக் கட்டுங்கள். கூட்டுக்குக் கீழே அரைச் சாணாவது காலியிடம் வேண்டும். குஞ்சு வெளியே வரும்போது புழு போல இருக்கும். மெல்லிய இழையில் தொங்கியபடி முதல் தோலை உரித்த பிறகுதான் கால்கள் விரியும். தொங்க இடமில்லாவிட்டால் கோணலாகிச் செத்துவிடும்.

அப்புறம் எறும்பு. நம் வீடுகளில் கூட்டுக்கு எமன் அதுதான். கொட்டானைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றில் விளக்கெண்ணெய் தடவுங்கள். காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும்.

தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியின்மேல் தெளித்தால் போதும். கூட்டைக் குளிப்பாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நான் முதல்முறை ஊறுகாய்ச் சீசாவில் போட்டு, இறுக மூடி, ஜன்னலில் வைத்தேன். பங்குனி வெயிலில் அவியல்தான் மிஞ்சியது.

குளிர்பெட்டி வேண்டவே வேண்டாம். பனி பெய்யும் நாடுகளில் முட்டை குளிர்காலத்தைத் தாண்டியே பொரிகிறது. வீட்டுச் சூட்டில் முன்கூட்டியே பொரிந்துவிடாமல் இருக்க அங்கே அப்படி வைக்கிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். நீங்கள் சொல்லும் கணக்குப்படி ஏப்ரலிலேயே பொரியும். பல்லவனில் எடுத்துப் போனால் விழுப்புரம் தாண்டும்போது நூறு பேர் டிக்கெட் இல்லாமல் உங்கள் மடியில் இருப்பார்கள்.

புதுவயல் தம்பி:

பொரிவது கும்பிடுபூச்சியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள் ஆச்சி. போன வருடம் ஒரு கூட்டை ஒரு மாதம் காத்தேன். வந்தவை பச்சை மினுமினுப்பில் எறும்பளவு குளவிகள், பெண்ணுக்கு உடம்பைவிட நீளமான வால். அந்த வாலால் நுரையைத் துளைத்து முட்டைக்குள் முட்டையிடுகிற ஒட்டுண்ணி. கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியது போல வட்டத் துளைகள் இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள்.

அவரைப்பந்தல் (பள்ளத்தூர்):

பொரிந்த பிறகு வளர்க்க ஆசைப்பட வேண்டாம். மறுநாளே பசி, மூன்றாம் நாள் அண்ணன் தம்பியைத் தின்னும். அசுவினிப் பூச்சி ஏறிய அவரை, காராமணிக் கொடி இருந்தால் மாலையில் செடிக்கு நாலைந்தாகப் பரப்பி விடுங்கள். பூச்சிமருந்து அடித்த செடி வேண்டாம். தோட்டத்துப் பூச்சியை எல்லாம் இவை ஒழித்துவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வது பாதிப்பொய். தேனீயும் பட்டாம்பூச்சியும் அகப்பட்டால் அவற்றையும் பிடித்துத் தின்னும்.

மூன்றாங்கட்டு (கானாடுகாத்தான்):

சொன்னபடி செய்தேன். கொட்டான் இரண்டாங்கட்டு உத்தரத்தில் தொங்கியது. இரண்டாவது வாரம் விளக்கெண்ணெய் தடவ மறந்து, கடியெறும்பு வரிசை கூட்டுக்கு ஒரு முழம் அருகில் வந்துவிட்டது. நல்லவேளை, அப்பத்தா பார்த்தார்கள்.

ஏப்ரல் 16 காலை ஏழு மணிக்குத் துணியை விலக்கினால், கூட்டின் கீழே நூல் கொத்தாகத் தொங்க, அதில் வெளுத்த குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. காபி ஆறிப்போனது. எட்டரைக்குள் எல்லாம் நிறம் ஏறி, துணியில் தலைகீழாக நின்று முன்கால்களை மடக்கிக்கொண்டன. எண்ணிப் பார்த்தேன், எண்பதுக்குமேல் குழம்பிவிட்டது. கூடு மட்டும் அப்படியே இருக்கிறது. தொங்கும் தோல்களைப் பார்த்துத்தான் பொரிந்தது என்றே சொல்ல முடியும். மாலையில் தோட்டத்து அவரையிலும் நந்தியாவட்டையிலும் விட்டாயிற்று. அப்பத்தாவுக்காக ஒன்றை மட்டும் வளவுத் துளசியில் விட்டேன். மறுநாள் காணோம்.

இன்னொன்று. பெயிண்டர் கட்டுத்தறி நிலைக்கதவில் வேறொரு கூட்டைக் கண்டு, அதைச் சுரண்டாமல் சுற்றிப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அதன் பக்கவாட்டில் ஏழெட்டு ஊசித்துளை. தம்பி, இது உங்கள் குளவிதானே?

புதுவயல் தம்பி:

அதேதான் ஆச்சி. ஆனாலும் பிய்க்க வேண்டாம், குளவி தொடாத முட்டை உள்ளே மிச்சம் இருக்கலாம். பெயிண்டரிடம் கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லுங்கள்.