ஜெரேனியம் இலைக்கு அடியில் துரு நோய்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

குன்னூர் தொட்டிப்பூ:
மலர்க்காட்சி சமயத்தில் வாங்கிய சிவப்பு ஜெரேனியம், ஜூலை மழை பிடித்த பிறகுதான் காட்டிக்கொடுத்தது. மேலே பார்த்தால் கடுகளவு வெளிர்மஞ்சள் புள்ளிகள், அவ்வளவுதான். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இலையைத் திருப்பினால் நடுவில் ஒரு பழுப்புக் கொப்புளம், அதைச் சுற்றி வளையமாக இன்னும் பல கொப்புளங்கள். சில இலைகளில் இரண்டாவது வளையமும் தொடங்கியிருந்தது. வெள்ளைத் துணியால் தேய்த்ததும் செங்கல் நிறப் பொடி அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த வளையம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஒட்டி வைத்திருந்த கொடி ஜெரேனியத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அது எப்படி?

பாலிஹவுஸ்:
கொடி ஜெரேனியம் தப்பியதில் அதிசயம் இல்லைங்க. இலையில் கருவளையம் உள்ள சாதாரணத் தொட்டி ஜெரேனியத்தைத்தான் இது பிடிக்கும். கொடி வகை, பெரிய பூ வைக்கும் ரீகல் வகை, எண்ணெய் எடுக்கும் வாசனை ஜெரேனியம் எல்லாம் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரு நர்சரியில் கண்டதைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து கட்டிங் (வேர் பிடிக்க வெட்டி நடும் தண்டு) தட்டு வந்த அன்று இலையெல்லாம் பளிச்சென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திருப்பினால் தட்டு முழுக்கப் பழுப்பு. பக்கத்துத் தட்டிலிருந்து வந்ததா, வேலையாட்கள் கொண்டுவந்தார்களா என்று அங்கே ஒரே தகராறு. யாரும் கொண்டுவரவில்லை, வரும்போதே இலைக்குள் இருந்திருக்கிறது. துருப் பூசணத்தின் வித்து இலைக்குள் நுழைந்து பொடியாக வெளியே வர 10 முதல் 14 நாள் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். அதனால் புதுச் செடி எதுவானாலும் 3 வாரம், டிசம்பர் ஜனவரி என்றால் 4 வாரம் தள்ளி வையுங்கள். வாரம் இரண்டு முறை அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். விற்றவர்கள் முன்பே மருந்து அடித்திருந்தால் பொடி வர இன்னும் தாமதமாகும், அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும்.

கேத்தி வயல்:
பூண்டு வயலுக்கு எதிர் வீட்டில் பார்த்தேன். பூண்டுத் தாளில் துரு ஏறிய அதே வாரம் திண்ணையில் இருந்த ஜெரேனியத்திலும் பொடி. நிறம்கூட ஏறக்குறைய அதேதான். வயலிலிருந்து காற்றில் வந்து ஏறியிருக்கிறது, சந்தேகமே இல்லை. போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) 1 சதவீதம் அடித்தால் நின்றுவிடும்.

இலைநோய்:
கேத்தி நண்பரே, பூண்டைப் பழி சொல்லாதீர்கள். துருப் பூசணம் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று சில செடிகள்தான். பூண்டுத் துரு வேறு, பீன்ஸ் துரு வேறு, இது வேறு. இலங்கையில் 1869இல் தெரிய வந்த காப்பித் துரு தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்த நிலத்திலேயே நட்ட தேயிலையை அது தொடவில்லை. ஜெரேனியத் துருவின் பெயர் பக்சீனியா பெலர்கோனியை சோனாலிஸ். செடியின் தாயகமான தென்னாப்பிரிக்காதான் இதற்கும் தாயகம். 1926இல் எத்தெல் டாய்ஜ் என்ற பூசணவியலாளர் இதை முதலில் விவரித்துப் பெயரிட்டார்.

ஒரே வாரத்தில் இரண்டும் வந்ததற்குக் காரணம் வானிலை. 16 முதல் 21 டிகிரி, இலையில் சில மணி நேரம் விடாத ஈரம், இது போதும். நீலகிரியில் மூடுபனிக் காலம் முழுக்க அப்படித்தான். சமவெளி வெயிலில் இது தலையெடுக்காததற்கும் அதுதான் காரணம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவிடுகிறேன். முதலில் மருந்தைத் தொடாதீர்கள். தொட்டியை நகர்த்தவும் வேண்டாம், ஆட்டினாலே பொடி பறக்கும். பாலித்தீன் பையை இலைக்கு அருகில் பிடித்துக்கொண்டு, நோயுள்ள இலையைக் காம்போடு கிள்ளி நேராகப் பைக்குள் போடுங்கள். காற்றில்லாத நேரத்தில் செய்வது நல்லது. தொட்டி மண்ணில் உதிர்ந்து கிடப்பதையும் பொறுக்க வேண்டும், காய்ந்த இலையிலும் வித்து வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பையைக் கட்டி எரித்துவிடுங்கள், எருக்குழிக்குப் போகவே கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, கத்தரியையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போக வேண்டும்.

அதற்கப்புறம் மருந்து. மேன்கோசெப் 75 சதவீதத் தூள், லிட்டருக்கு 2 கிராம். கொஞ்சம் தண்ணீரில் குழைத்துவிட்டு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டித் தெளிப்பான் மூக்கை அடைத்துவிடும். ஒட்டும் திரவமும் சில துளி சேருங்கள். மூக்கை மேல்நோக்கித் திருப்பி இலைக்கு அடியில் படும்படி அடிப்பதுதான் முக்கியம். மேலே மட்டும் நனைப்பவர்களுக்குத்தான் மருந்து வேலை செய்யவில்லை என்ற புகார் வருகிறது. 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, மழை கழுவிவிட்டால் மறுபடியும். இது இலைக்கு வெளியே காவல் நிற்கும் மருந்து. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்துக்குப் புரோபிகோனசோல் 25 சதவீதம், லிட்டருக்கு 1 மில்லி, ஒருமுறை. மறுபடி தேவைப்பட்டால் அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதவீதம் 1 மில்லி என்று மாற்றுங்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிவிடும். எதுவானாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து மூன்று நாள் பார்க்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பக்கத்தில் கொத்தமல்லி, புதினா தொட்டி இருந்தால் நகர்த்திவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

போர்டோ கலவை துருவுக்கு எதிரில் பலவீனம். குளிரும் ஈரமுமாக இருக்கும்போது தாமிரம் இளம் இலையைக் கருக்கவும் செய்யும்.

கோத்தகிரி மேடு:
புரோபிகோனசோல் என்று எழுதியவர் அளவு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக எழுதியிருக்கலாம். தேயிலைக் கொப்புள நோய்க்கு வாங்கிய ஹெக்சாகோனசோல் மிச்சத்தை மூடியால் உத்தேசமாக அளந்து ஜெரேனியத்துக்கு அடித்த ஒரு வீட்டில் செடிகளைப் பார்க்க வேண்டுமே! துரு போய்விட்டது. ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லாமல் இலைகள் கரும்பச்சையாகச் சுருங்கி, பூக்காம்பு விரல் நீளம்கூட எழும்பாமல் நின்றுவிட்டது. ஹெக்சாகோனசோல், புரோபிகோனசோல் போன்ற இந்த வகை மருந்துகள் செடியின் வளர்ச்சி ஹார்மோனையும் தடுக்கும். வேர் பிடிக்காத கட்டிங்குக்கு இவற்றை அடிக்கவே கூடாது.

குன்னூர் தொட்டிப்பூ:
நன்றி. இன்னொரு தொட்டியில் இலைக்கு அடியில் மேடு மேடாக இருக்கிறது, பொடி இல்லை. அதுவும் இதுதானா? துரு வந்த தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

பாலிஹவுஸ்:
தேய்த்தால் பொடி வரவில்லை, தக்கை மாதிரி சொரசொரப்பு என்றால் அது நீர்க்கொப்புளம், நோயே இல்லை. மண் ஈரமாக இருந்து வெயில் இல்லாத நாட்களில் வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியே போக முடியாமல் வருவது. தண்ணீரைக் குறைத்தால் புது இலை சரியாக வரும். ஆனால் இலை ஓரத்திலிருந்து முக்கோணமாக மஞ்சள் இறங்கி, தண்டும் கருத்து வாடினால் அது பாக்டீரியா வாடல். அந்தத் தொட்டியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், மருந்து கிடையாது.

துருவுக்காக முழுச் செடியையும் எறிய வேண்டியதில்லை. இலைகளில் பாதிக்கு மேல் பொடி என்றால், ஒரு இலைகூட விடாமல் கிள்ளி, தண்டை 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள். இது தண்டு வழியாகச் செடி முழுக்க ஓடும் நோய் இல்லை, துளிர் சுத்தமாக வரும். துளிர் இரண்டு இலை விட்டதும் மேன்கோசெப் ஒருமுறை. அந்தத் தொட்டியைக் கூரைக்கு அடியில் வையுங்கள், தொட்டிக்குத் தொட்டி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையில் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், பூவாளி வேண்டாம். அதிலிருந்து இந்த சீசனில் கட்டிங் எடுக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.